வெற்று மாதிரி

ரஜிதாவின் மூத்திரத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மரியாதை இருந்தது. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே இருந்தது. ரத்தத்திலும் மூத்திரத்திலும் தூக்க மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்கிற பரிசோதனைக் கூடம் அது. நோயாளியுடையதை மிஷினில் ஏற்றுவதற்கு முன்னால், எந்த மருந்தையும் தொடாத ஒரு மனுஷருடையதை ஏற்றிப் பார்க்கவேண்டும். திரையில் கோடு தரையோடு தரையாக ஓடவேண்டும். அப்புறம் அதிலேயே தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, இவ்வளவு மருந்துக்கு இவ்வளவு உயரம் மேடு என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் வெற்று மாதிரி. அங்கே வேலை செய்தவர்களில் வெற்றாக இருந்தவள் ரஜிதா ஒருத்திதான். யாகூப் பாய்க்குச் சர்க்கரை, கொதிப்பு, முட்டிவலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை. தலைமை டாக்டர் சுலோசனா மேடம் தூக்க மாத்திரை போடாமல் படுப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், தெரியாததுபோல எல்லோரும் இருந்தார்கள். வாட்ச்மேனைக் கேட்கவே வேண்டாம், மத்தியானத்துக்கு மேல் அவனுக்கே அவன் பேர் மறந்துபோகும்.

பிரசவ லீவு முடிந்ததும் இரண்டு மாசம் வார்டில் ரத்தம் எடுக்கப் போட்டிருந்தார்கள். அவள் மிஷினுக்குத் திரும்பி வந்தபோது யாகூப் பாய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"வாம்மா மகாராணி. நீ இல்லாம மிஷின் ஏங்கிப் போச்சு. ஹைதராபாத்துல யாரோ ஒரு மகராசனோடதை ஐஸ்ல வச்சு அனுப்பறாங்க. வந்து சேர்றதுக்குள்ள பாதி கெட்டுப்போயிடுது."

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா பாய்?"

"காலங்காத்தாலதான் வேணும். மாத்திரை கீத்திரை ஏதாச்சும் போடறியா?"

"இரும்புச் சத்து மட்டும்."

"அது கெடக்குது. வேற? கசாயம், இருமல் மருந்து, கள்ளு?"

"கள்ளா? சாயங்காலம் வீட்டுக் கள்ளு ஒரு சொம்பு. பால் ஊறணும்னு அம்மா குடுக்கறது. அதெல்லாம் ஒரு கணக்கா?"

"கௌடு வீட்டுப் பொண்ணுகிட்டப் போய்க் கள்ளைப் பத்திக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று யாகூப் பாய் தலையில் தட்டிக்கொண்டார்.

அவள் பொய் சொல்லவில்லை. பனை ஏறுகிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு வீட்டுப் பானைக் கள்ளு சோறு மாதிரி. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் அது யாருக்காவது ஞாபகத்துக்கு வருமா? கடைக் கள்ளில் பொடி கலக்கிறார்கள் என்பது அந்த ஜில்லாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்த மிஷினையே அதற்காகத்தான் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆனால் அது கடைக் கள்ளு. வீட்டுக் கள்ளு வேறு. ஊரில் கள்ளுக் கடை நடத்துகிற அவளுடைய அப்பா கொமுரய்யா கௌடு வீட்டுக்கென்றே தனி மரம் வைத்திருந்தார்.

அன்றைக்கு வேலை மலைபோலக் கிடந்தது. பக்கத்து ஊரில் கலால்காரர்கள் கள்ளுக் கடைக்குச் சீல் வைத்துவிட்டுப் போக, அடுத்த நாளே குடிகாரர்களெல்லாம் பிதற்ற ஆரம்பித்திருந்தார்கள். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று ஒருத்தர், செத்துப்போன அண்ணன் கூப்பிடுகிறான் என்று ஒருத்தர். வார்டில் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய மூத்திரம் வரிசையாகப் பெட்டியில் வந்து இறங்கியது.

ரஜிதா தன்னுடையதை முதலில் எடுத்தாள். வடிகட்டி, கரைப்பானில் குலுக்கி, காற்றூதி உலர்த்தி, திரும்பக் கரைத்து, சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் விட்டு மிஷினில் வைத்தாள். மிஷின் என்னவோ பீரோ மாதிரி பெரிசு. வேலை நடப்பதெல்லாம் உள்ளே இருக்கிற ஒரு விரல் நீள எஃகுக் குழாயில். உடம்பிலிருந்து வந்த சமாசாரமெல்லாம் அந்தக் குழாய்க்குள் மொத்தமாக நுழையும். ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் நடந்து, தன் முறைக்கு வெளியே வரும். காலையில் குடித்த டீ முந்திக்கொண்டு வரும். தூக்க மருந்து ஒட்டி ஒட்டி நடந்து கடைசிப் பக்கம் வரும்.

டீ வந்தது. அப்புறம் கோடு தரையில் ஓடியது. யாகூப் பாய் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "பாரு, நெடுஞ்சாலை மாதிரி" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கோடு தலை தூக்கிற்று. ஒரு சின்ன மேடு. இறங்கி, மூச்சு வாங்குகிற நேரம் ஓடி, மறுபடி இன்னொரு மேடு.

"குப்பியை நான் சரியா அலம்பலை போல பாய்" என்றாள் ரஜிதா.

யாகூப் பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். இரண்டாவது மேடு அல்ப்ராசோலம் என்கிற தூக்க மருந்து. கடைக் கள்ளில் போடுகிற அதே பொடி. அலம்பாத குப்பியில் அது ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதில் அதிசயமில்லை. ஆனால் முதல் மேடு அப்படியில்லை. மருந்து மனுஷ உடம்புக்குள் போய், ஈரல் அதை மாற்றி வெளியே தள்ளினால்தான் அது வரும்.

"அலம்பாத குப்பிக்கு ஈரல் எங்கேருந்தும்மா வந்துச்சு?" என்றார் மெதுவாக.

அவள் குப்பியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். பிறகு, "நான் இந்தப் பக்கமே வரலை. டீ குடிக்கப் போனவன். அந்த ஹைதராபாத்து மகராசனோடது இன்னும் கொஞ்சம் ஃப்ரிட்ஜுல இருக்குது, இன்னைக்கு அதை வச்சு ஓட்டு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மத்தியானம் மார் கனத்தது. சாமான் அறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சினாள். வழக்கமாக அதை வாஷ்பேசினில் கொட்டுவாள், கொட்டும்போது வயிறு எரியும். அன்றைக்குக் கொட்டவில்லை. நோயாளிகளுடைய குப்பிகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, கடைசியில் பாலையும் ஓட்டினாள். பாலில் கொழுப்பு ஒட்டிக்கொண்டு படாத பாடு படுத்தியது. இருந்தாலும் மேடு வந்தது. சின்னதுதான். சின்னதாக இருந்தால் என்ன, அது தன் பிள்ளைக்குள் போகிற பால்.

பஸ்ஸில் ஜன்னல் கம்பி கொதித்தது. சித்திரை வெயில் சாயங்காலமாகியும் இறங்கவில்லை. எல்லோரும் சொல்கிற பேச்செல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சின்னி மாதிரி ஒரு குழந்தை உண்டா, போட்ட இடத்தில் கிடக்கும், அழுகிற சத்தமே கேட்டதில்லை என்று தெருவே மெச்சுகிறது. துபாயிலிருந்து புருஷன் ராஜலிங்கம் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், "எப்பப் பார்த்தாலும் தூங்குறாளே, எம் மூஞ்சி பிடிக்கலையா?" என்பான். "தூங்கற நேரம் பார்த்துக் கூப்பிட்டா?" என்று இவளும் சிரிப்பாள். தவழுகிற வயசு. உட்காரவைத்தால் சாக்கு மூட்டை மாதிரி சாய்கிறது. பெரிய படிப்புப் படித்து, ஊராருக்கெல்லாம் அளந்து சொல்கிறவளுக்கு இது உறைக்கவில்லையே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

தன் ஊரான ரேகுலவாடாவில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை, ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். கொமுரய்யா சாயங்கால மரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் கத்தி, தோளில் கயிறு, கையில் நுரைத்த பானை. மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன பாப்பா, இந்தப் பக்கம்? நுங்கு வேணுமா?"

"நைனா, கள்ளுல மருந்து போடறியா?"

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "எந்தக் கள்ளுல?" என்றார்.

"எந்தக் கள்ளுலன்னு கேக்கறே. அப்பப் போடறே."

"உனக்குத் தெரியாதாக்கும்! அளக்கறது உன் வேலைதானே."

"ஊர்க்காரங்களோடதைத்தான் அளந்தேன். எங்க நைனா கடையைப் பத்தி நான் நெனைக்கலை."

"நெனைக்கலையா, நெனைக்கப் பிடிக்கலையா?" கொமுரய்யா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மரத்தடியில் குந்தினார். "சுத்தி இருக்கிற மரத்தை எண்ணிப் பாரு பாப்பா. பாதியை வெட்டி வீட்டு மனை போட்டுட்டான். இருக்கிற மரத்துக் கள்ளு இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் காணாது. தண்ணி, சாக்கரின், அந்தப் பொடி. கள்ளு சொசைட்டி ஆளு பொட்டலமாக் கொண்டாந்து குடுக்கறான், கொட்டிக் கலக்கறது என் கை. வேண்டாம்னு சொன்னா நாளைக்கே வேற ஒருத்தன் கடையை எடுப்பான்."

"எடுத்துட்டுப் போகட்டுமே!"

"போகட்டும். அப்புறம்? போன கோடையில பொட்டலம் வரலை. சரி, எல்லம்மா தாயே கண்ணத் தொறந்துட்டான்னு, பால் மாதிரி மரத்துக் கள்ளையே ஊத்தினேன். துப்பினாங்க பாப்பா! பொம்பளைங்ககூட. மறுநாள் சலூன்கார நர்சிமுலு பொண்டாட்டி கடை வாசல்லயே விழுந்து இழுத்துக்கிட்டா. என்னைத்தான் சட்டையைப் பிடிச்சாங்க, மருந்தைப் பதுக்கி வச்சுக்கிட்டு ஏமாத்தறேன்னு. நல்ல கள்ளு ஊத்தினதுக்கு அடி வாங்கினவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான்."

அவருக்கே அது சிரிப்பாக வந்தது. மகள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வீட்டுப் பானையிலயும் போடறியா?"

"சீ!" என்று எழுந்துவிட்டார். உள்ளங்கையால் மரத்தில் ஓங்கி அறைந்தார். "எல்லம்மா மேல ஆணை. வீட்டுப் பானை இதோ இந்த மரத்துது. எம் பேத்திக்குப் பாலாகிற கள்ளு. அதுல பொடி போட்டா இந்தக் கை விளங்குமா?"

கொமுரய்யா எதற்கும் ஆணையிடுவார், எல்லம்மா பேரை மட்டும் இழுக்கமாட்டார். ரஜிதாவுக்குத் தெரியும். அவரை நம்பினாள். நம்பினதும் பயம் வீட்டுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

வீட்டில் அம்மா பாலமணி கூடத்தில் கால் நீட்டி, மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையைத் தகட்டில் வைத்து வெட்டுவதும், தூளைத் தூவி உருட்டுவதும், நுனியை மடித்து நூல் கட்டுவதும் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கண் வேறு எங்கேயோ இருக்கும். தலைக்கு மேல் தூளியில் சின்னி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கை கால் கழுவிட்டு வா. சோள ரொட்டி சுட்டு வச்சிருக்கேன். பச்சைப் புளுசுக்குப் புளி கரைச்சாச்சு, வெங்காயம் மட்டும் நறுக்கணும். கள்ளு அந்தச் சொம்புல இருக்குது."

"எனக்கு வேண்டாம். தலைவலி."

"தலைவலின்னா முதல்ல அதைக் குடி."

ரஜிதா குடிக்கவில்லை. தூளியிலிருந்து குழந்தையை அள்ளி மடியில் போட்டு, "சின்னி, சின்னித் தாயே" என்று கன்னத்தைத் தட்டினாள். குழந்தை அரைக் கண் திறந்து, அம்மாவைப் பார்த்து, உதட்டைச் சப்பிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலையில் குழந்தையின் அரைத்துணிக்குள் பஞ்சு வைத்து, நனைந்த பஞ்சைப் பிழிந்து குப்பியில் அடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். யாகூப் பாய் அதைப் பார்த்தார், யாருடையது என்று கேட்கவில்லை. மிஷினைக் காலி பண்ணி விட்டுக்கொடுத்தார்.

சின்னியின் மேடு அவளுடையதைவிட உயரமாக இருந்தது. பால் வழியாக மட்டும் அவ்வளவு போக வழியே இல்லை. ரஜிதா அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெயில் உச்சியில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சின்னிக்கு என்ன குடுக்கறே அம்மா?"

பாலமணி நிமிர்ந்து பார்த்தாள். கை மட்டும் பீடியைச் சுற்றியது. "என்னத்தைக் குடுப்பேன்? நீ பீய்ச்சி வச்சுட்டுப் போற பாலு, கேழ்வரகுக் கூழு."

"கள்ளு?"

"ஒரு கரண்டி. தேன் கலந்து. என்னவோ விஷம் வச்ச மாதிரி நிக்கறே? உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். உங்க அண்ணனையும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் என்ன கேடு வந்துச்சு? ஒருத்தன் லாரி ஓட்டறான், நீ மிஷின் ஓட்டறே."

"அது மரத்துக் கள்ளு அம்மா. இது எந்தக் கள்ளு?"

பாலமணியின் நூல் அறுந்தது. வேறு நூல் எடுத்தாள்.

"நைனா சத்தியம் பண்றாரு. வீட்டுப் பானை சுத்தம்ங்கறாரு. அப்ப அதுல மருந்து எப்படி வந்துச்சு?"

"அவரு கொண்டுவர்றதை நான் பக்கத்து வீட்டுச் சாயம்மாவுக்குக் குடுத்துடறேன். அவ நம்ம கடையிலேருந்து எனக்குச் சீசாவுல கொண்டாந்து ஊத்திட்டுப் போறா. போதுமா?"

"ஏன்?"

"ஏனா? அந்தக் கள்ளு எனக்கு ஏறலைடி!" பாலமணியின் குரல் உயர்ந்தது. "பச்சைத் தண்ணி மாதிரி இருக்குது. அதைக் குடிச்சுட்டுப் படுத்தா தூக்கம் கெடையாது, விடிஞ்சா கை நடுங்குது. கை நடுங்கினா இலை கிழியும், தூளு சிந்தும். சுத்தின பீடியில பாதியைக் கம்பெனிக்காரன் தூக்கி எறிவான். பீடித் தொழிலாளி கார்டு போயிடும். இத்தனை வருஷம் குனிஞ்ச இடுப்புக்குக் கெழவியான பிறகு வர்ற பென்ஷன் போயிடும். உங்க நைனா மரத்து மேலயே குடிச்சிட்டு இறங்கறவரு, வீட்டுப் பானையை எட்டிப் பார்த்திருக்காரா?"

"நீ குடி. எனக்கு ஏன் குடுத்தே? பச்சைக் கொழந்தைக்கு ஏன் குடுத்தே?"

"ஒரே பானைதானே இருக்குது! உனக்குன்னு தனியா எங்க போய் வாங்க? அந்தக் கழுதை பகலெல்லாம் கத்துச்சு. நீ வேலைக்குப் போன மொத நாள்லேருந்து கத்துச்சு. தூக்கினா முறம் கவிழுது, போட்டாத் தொண்டை கிழியுது. ஒரு கரண்டி குடுத்தேன், தூங்குச்சு. நானும் வேலை பார்த்தேன். நீயும் நிம்மதியா சம்பளம் வாங்கினே. எம் பிள்ளை எவ்வளவு சமத்துன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே, அந்தச் சமத்து எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

ரஜிதா பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தாள். சாணி மேட்டில் கள்ளு நுரைத்து இறங்கியது. கோழிகள் ஓடிவந்தன, அவற்றைக் கல்லால் அடித்து விரட்டினாள். பாலமணி தடுக்கவில்லை. "கொட்டு, கொட்டு. ரெண்டு நாள் பார்க்கலாம்" என்றாள்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. பாலமணி சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள், எறும்பு என்றாள். பீடி இலை முறத்தில் கொட்டிக் கிடந்தது. ரஜிதாவுக்குக் கண்ணை மூடினால் தூக்கிவாரிப் போட்டது. பரிசோதனைக் கூடத்தில் சொட்டு அளக்கிற குழாயைப் பிடித்த கை கண்ணாடிமேல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை அப்படி ஆடியதில்லை. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று தெரிந்தது. வார்டில் சேலைத் துணியால் கட்டிப் போட்டிருந்தவர்களும் தானும் வேறில்லை.

ஆனாலும் அதெல்லாம் தாங்கக்கூடியது. சின்னி அழுத அழுகைதான் தாங்கமுடியவில்லை. பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த அழுகையெல்லாம் மொத்தமாக வெளியே வந்ததுபோல அழுதாள். மாரைக் கொடுத்தால் கடித்துவிட்டுத் தலையைத் திருப்பினாள். விடியற்காலையில் திடீரென்று அழுகை நின்றது. நின்றதே என்று பார்த்தால், கண் மேலே செருகி, ஒரு பக்கத்துக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. சட்டென்று விட்டுவிட்டது. ரஜிதா குழந்தையைச் சேலையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிச் சுலோசனா மேடத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

மேடம் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். ரஜிதா எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை.

"உடனே அட்மிட் பண்ணணும்" என்றார் மேடம்.

"பண்ணுங்க மேடம்."

"பண்ணினா எழுதணும். கொழந்தை உடம்புல இந்த மருந்து எப்படி வந்துச்சுன்னு எழுதாம விடமுடியாது. போலீஸ் வரும், கலால் வரும். கடை உங்கப்பாவோடது. ஊட்டிவிட்டது உங்கம்மா. கொழந்தை குடிச்சது உன் பாலு. நாளைக்கு நம்ம மிஷின்ல அளந்து கையெழுத்துப் போடவேண்டியதும் நீதான். யோசிச்சுச் சொல்லு."

ரஜிதா யோசித்தாள். அம்மாவும் நைனாவும் உள்ளே போனால் பிள்ளையை யார் பார்ப்பது? பிள்ளையைப் பார்த்தால் வேலைக்கு யார் போவது? ராஜலிங்கத்தை வரச் சொன்னால் துபாய் போக வாங்கின கடன் அடையாமல் அவன் பாஸ்போர்ட்டையே கம்பெனிக்காரன் தரமாட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் முகத்தில் இடித்தது.

"வேற வழி?"

மேடம் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அவர் முகத்திலும் தூக்கம் போதாத வீக்கம் இருந்தது.

"எது சரின்னு சொல்லிட்டேன். அது அட்மிட் பண்றதுதான். அதை நீ கேட்கமாட்டேன்னா, சட்டுனு மட்டும் நிறுத்தாதே. இன்னொரு தடவை இழுத்தா திரும்பாது. குடுத்ததையே குடுத்து, சொட்டுச் சொட்டாக் குறைக்கணும். நீயும் அப்படித்தான், உங்கம்மாவும் அப்படித்தான். தெனமும் கொழந்தையை எங்கிட்டக் காட்டு. மறுபடி இழுப்பு வந்தா உன்னைக் கேட்கமாட்டேன், தூக்கி வார்டுல போட்டு எழுதிடுவேன்."

அன்று சாயங்காலம் ரஜிதா அப்பாவின் கடைக்குப் போனாள். வேப்ப மரத்தடியில் சனங்கள் சீசாவும் வறுத்த கடலையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கௌடு மகள் கடைக்கு வந்திருக்கிறாளே என்று பேச்சு அடங்கிற்று.

"நைனா, கள்ளு வேணும்."

கொமுரய்யா தனியாக மூடி வைத்திருந்த பானையைத் தொட்டார். "உன் மரத்துது எடுத்து வச்சிருக்கேன்."

"அது வேண்டாம். இவங்க குடிக்கறதுதான் வேணும்."

பாலமணி நடுங்கிக் கிடந்ததை அவரும் பார்த்திருந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. சீசாவை நிரப்பினார். ஊற்றும்போது பாதி வெளியே போயிற்று. மகளின் கையில் கொடுக்கமாட்டாமல் திண்டில் வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து கோடு போட்ட கண்ணாடிச் சொட்டுக்குழாய் ஒன்று வீட்டுக்கு வந்தது. ரஜிதா சீசாவைக் குலுக்கி, அளந்து, தேனில் குழைத்து, தானே பிள்ளையின் வாயில் விட்டாள். அம்மா கரண்டியால் கண்ணை மூடிக்கொண்டு செய்ததை, மகள் கண்ணாடியால் கணக்குப் பார்த்துச் செய்தாள். சின்னி சப்புக்கொட்டினாள்.

பிறகு சொட்டுகள் குறைந்தன. அம்மாவின் சொம்பு டம்ளர் ஆயிற்று, இவளுடைய சொம்பு ஒரு வாய் அளவு ஆயிற்று. அந்தக் கோடையில் பாலமணி சுற்றின பீடியில் பாதி திரும்பி வந்தது. கார்டு போகும் என்று தினம் ஒப்பாரி வைத்தாள், ஆனால் சாயம்மாவை வாசல்படி ஏறவிடவில்லை. ஆஸ்பத்திரியில் வெற்று மாதிரி ஹைதராபாத்திலிருந்து ஐஸில் வந்துகொண்டிருந்தது. "அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்" என்பார் யாகூப் பாய். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு சின்னியின் பஞ்சுத் தண்ணீரை ஓட்டிப் பார்ப்பதற்காக அவர் சாவியை மேஜைமேல் மறந்துவிட்டுப் போவார். மேடு கரைந்துகொண்டு வந்தது.

குழந்தைக்குக் கண் தெளிந்தது. மின்விசிறியைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், கொமுரய்யாவின் மீசையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவைத்தால் உட்கார்ந்தாள். தவழ மட்டும் இல்லை. குப்புறக் கிடந்து நீந்துவதோடு சரி.

ஆடி பிறந்து முதல் தூறல் போட்ட ஒரு சாயங்காலம், ராஜலிங்கம் வீடியோவில் கூப்பிட்டான். ரஜிதா குழந்தையைப் பாயில் விட்டு, எதிரே மண்டி போட்டு, ஒரு கையில் போனும், நீட்டின இன்னொரு கையுமாக, "சின்னி, அம்மாகிட்ட வா, வா" என்றாள். பாலமணி முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

சின்னி நிமிர்ந்தாள். முட்டியை ஊன்றினாள். ஆடினாள், விழுந்தாள், மறுபடி ஊன்றினாள். ஒரு கை, ஒரு கால், இன்னொரு கை.

"தவழறாடி! தவழறா! ஏங்க, ஓடியாங்க!" என்று பாலமணி வாசலைப் பார்த்துக் கத்தினாள். கொமுரய்யா கயிறும் கத்தியுமாக ஓடிவந்து நிலைப்படியில் நின்றார்.

சின்னி அம்மாவின் நீட்டின கைக்குப் பக்கத்தில் வந்தாள். நிற்கவில்லை. கையைத் தள்ளிவிட்டு, முழங்காலைச் சுற்றிக்கொண்டு, மூச்சிரைக்கப் பின்பக்கம் போனாள். அங்கே சுவரோரம், தேன் கிண்ணத்துக்குப் பக்கத்தில், அன்றைய சொட்டை அளந்து வைத்த கண்ணாடிக் குழாய் இருந்தது. அதைப் பார்த்துக் குழந்தை வாயைத் திறந்து சிரித்தாள்.

பாலமணியின் கைதட்டு நின்றுபோயிற்று. கொமுரய்யா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரஜிதா போனைச் சட்டென்று தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"ஏய், காட்டு, காட்டு!" போனில் ராஜலிங்கம் குதித்துக்கொண்டிருந்தான். பின்னால் அவனுடைய கூட்டாளிகளின் சிரிப்பு கேட்டது. "யாருகிட்டப் போறா? உங்கிட்டத்தானே?"

"ஆமாங்க" என்றாள் ரஜிதா. "எங்கிட்டத்தான் வர்றா."